மச்ச சாஸ்திரம்

தமிழ்நாட்டில் மச்சத்துக்குள்ள மரியாதை சொல்லி முடியாது. ஒருவருக்கு எதிர்பாராத இடத்திலிருந்து பணம் வந்துவிட்டால், "அவருக்கு எங்கேயோ மச்சம் இருக்கிறது" என்கிறோம். முகத்தில் இருந்தால் இன்ன பலன், தோளில் இருந்தால் இன்ன பலன் என்று ஜாபிதா போட்டுப் புத்தகமே விற்கிறார்கள். உள்ளங்காலில் மச்சமுள்ளவன் ஊர் ஊராகச் சுற்றுவான் என்று பாட்டிமார்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம்.

இந்தப் பழைய சாஸ்திரத்தோடு சண்டை போடுவது நம் நோக்கமல்ல. ஆனால் மச்சத்தைப் பற்றிப் புதிய சாஸ்திரம் ஒன்றும் உலகத்தில் வளர்ந்திருக்கிறது. அதிலும் மச்சம் இருக்கும் இடத்தைப் பார்க்கிறார்கள்; நிறத்தையும் உருவத்தையும் பார்க்கிறார்கள்; சில சமயம் ஜாதகம் போன்ற ஒன்றையும் கணிக்கிறார்கள். அந்த ஜாதகத்துக்கு மரபணுப் பரீட்சை என்று பெயர். பெயரில் 'மரபு' என்ற சொல் இருக்கிறதல்லவா? அதனால் குடும்பங்களில் உண்டாகும் கலவரம் கொஞ்சநஞ்சமல்ல. நம் தாய்மாமன் வீட்டில் அந்தக் கலவரத்தை நாம் கூடவேயிருந்து பார்த்தோம். அதிலிருந்து தெரிந்துகொண்ட சில விஷயங்களை நேயர்களுக்குச் சொல்லி வைத்தால் யாருக்காவது உபயோகப்படும் என்று கருதுகிறோம்.

முதலில் வியாதியைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் பொருளுக்கு மெலனின் என்று பெயர். அதைத் தயாரிக்கும் உயிரணுக்கள் மேல்தோலின் அடிப்புறத்தில் அமைந்திருக்கின்றன. அவை கட்டுமீறிப் பெருகத் தொடங்கினால் அதுவே மெலனோமா என்னும் புற்றுநோய். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வைத்தியர் லென்னெக், 1806-ம் வருஷத்திலேயே இதைத் தனி நோய் என்று விவரித்து எழுதினார். தோலில் வரும் மற்றப் புற்றுநோய்களைவிட இது அபூர்வமானது. ஆனால் அவற்றைவிடக் கொடியது. ஆரம்பத்தில் கண்டு வெட்டி எடுத்துவிட்டால் அநேகமாக அத்துடன் முடிந்து போகும். ஆழமாக இறங்கிவிட்டால் நிணக்கணுக்களுக்கும், அங்கிருந்து நுரையீரல், ஈரல், மூளை முதலிய இடங்களுக்கும் பயணம் செய்யும்.

வெள்ளையர்களுக்கு இது அதிகம். ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் உலகத்திலேயே மிக அதிகம். வெளுத்த தோலும் கடும் வெயிலும் சேர்ந்தால் அப்படித்தான். நமக்கு இது அபூர்வம். நம்முடைய கருநிறமே நமக்குக் குடையாக இருக்கிறது. ஆனால் அந்தக் குடையை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. கருநிறத்தாருக்கு இந்நோய் வரும்போது, பெரும்பாலும் வெயிலே படாத இடங்களில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. இந்த வகைக்கு வெயில் முக்கிய காரணமன்று. உடம்பிலேயே நாம் மிகவும் குறைவாகப் பார்க்கும் இடம் உள்ளங்காலாதலால், வியாதி நிதானமாக வேரூன்றிக் கொள்ள அவகாசம் கிடைத்துவிடுகிறது.

ஜமெய்க்கா தேசத்துப் பிரசித்தி பெற்ற பாடகர் பாப் மார்லியின் கதை இதற்கு உதாரணம். அவருடைய கால் விரலின் நகத்தடியில் ஒரு புண் ஏற்பட்டது. பந்தாட்டத்தில் பட்ட காயம் என்று எண்ணியிருந்தார். 1977-ல் அது மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிட வேண்டுமென்று வைத்தியர்கள் சொன்னார்கள், அவர் சம்மதிக்கவில்லை. 1981-ம் வருஷம் மே மாதத்தில், முப்பத்தாறாவது வயதில் காலமானார்.

நம் மாமா பாடகரல்ல; ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அறுபத்தெட்டு வயதில் அவருடைய குதிகாலில் ஒரு கரும்புள்ளி தோன்றியது. கால் ஆணி என்று எண்ணி மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினார். பிறகு ஒரு தனியார் வைத்தியசாலையில் அதைக் கத்தியால் சீவி எறிந்தார்கள். 'எறிந்தார்கள்' என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. சீவிய சதையைப் பரீட்சைக்கு அனுப்பாமல் குப்பைத் தொட்டியில்தான் போட்டார்கள். ஏழு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் கறுப்பு எழுந்தது. ஓரம் கோணலாகப் பரவியது. நடந்தால் இரத்தம் கசிந்தது.

இம்முறை கும்பகோணத்தில் தோல் வியாதிகளைப் பார்க்கும் ஓர் இளம் பெண் டாக்டரிடம் போனார். அந்த அம்மாள் காலைப் பார்த்துவிட்டு, ஒரு சிறு துண்டை எடுத்துப் பரீட்சைக்கு அனுப்பினார். பதில் வந்ததும் மாமாவை உட்கார வைத்துச் சொன்னார்: "ஐயா, இதை வெட்டுகிறவர் ஒருவர், வெட்டியதைப் படிக்கிறவர் இன்னொருவர், மருந்து கொடுக்கிறவர் மூன்றாமவர். மூவரும் இந்த வியாதியைப் பழகினவர்களாக இருக்க வேண்டும். நான் அந்த மூவரில் ஒருத்தியல்ல. உங்களைச் சரியான இடத்துக்கு அனுப்புவதுதான் என் வேலை." தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய வைத்தியர் கிடைப்பது பெரும் பாக்கியம் என்பதை நாம் அன்றைக்கு உணர்ந்தோம்.

ஆனால் சரியான இடம் எது? வியாதி வந்திருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் போதும், யோசனைகளுக்குப் பஞ்சமிராது. ஒருவர் உடனே கணுக்காலோடு எடுத்துவிட வேண்டும் என்றார். ஒருவர் கத்தியே படக்கூடாது, பச்சிலையில் போய்விடும் என்றார். ஒருவர் வீட்டை விற்று அமெரிக்காவுக்குப் போகச் சொன்னார். மாமா எல்லோருக்கும் வெற்றிலை கொடுத்து அனுப்பிவிட்டு, டாக்டர் அம்மாள் சொன்னபடி ஒரு பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

நம் நாட்டில் அப்படிப்பட்ட ஸ்தாபனங்கள் இல்லாமலில்லை. மும்பையில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி 1941-ல் தொடங்கியது. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-ல் புற்றுநோய் நிலையம் ஏற்பட்டது. தேசமெங்கும் உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிகள் ஒரே மாதிரியான நல்ல சிகிச்சையைத் தரவேண்டுமென்று 2012-ல் அவற்றை இணைத்து ஒரு தேசிய வலையமைப்பும் உண்டாயிற்று. இத்தகைய ஆஸ்பத்திரிகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. அறுவை வைத்தியர், மருந்து வைத்தியர், கதிர் வைத்தியர், திசுவைப் பரிசோதிப்பவர் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றி விவாதிப்பார்கள். நிபுணரைத் தேடுகிறவர்கள் ஒரு பெரிய பெயரைத் தேடுவதைவிட இப்படிப்பட்ட ஒரு சபையைத் தேடுவது நல்லது.

அந்தச் சபையில் நோயாளியின் கண்ணில் படாமலே இருக்கும் நிபுணர் ஒருவர் உண்டு. அவர்தான் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவர். ஆஸ்திரேலியாவில் 2024-ம் வருஷத்தின் சிறந்த ஆஸ்திரேலியர் என்னும் கௌரவம் மெலனோமாவுக்காக உழைத்த இரண்டு பேருக்குச் சேர்த்துக் கிடைத்தது. ஒருவர் மருந்து கொடுக்கும் ஜார்ஜினா லாங். மற்றவர் நுண்ணோக்கியில் பார்க்கும் ரிச்சர்ட் ஸ்கோலியர். மருந்து கொடுப்பவருக்குச் சமமாகத் திசு பார்ப்பவரையும் அந்நாடு கௌரவித்தது மிகவும் பொருத்தமே. ஏனெனில், அவர் சொல்லும் ஓர் அளவை வைத்துத்தான் மற்றவை நிச்சயமாகின்றன. புற்று தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே அந்த அளவு. 1970-ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்கர் அதன் முக்கியத்துவத்தை எடுத்துக் காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டிருந்தால் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு எடுப்பது வழக்கம். இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் இரண்டு சென்டிமீட்டர். ஆழம் அதிகமானால், புற்று முதலில் எட்டிப் பார்க்கக்கூடிய நிணக்கணுவையும் எடுத்துச் சோதிப்பார்கள். காவற்காரனைப் போல் வாசலில் நிற்கும் அந்தக் கணுவைக் கண்டுபிடிக்கும் முறையை மெலனோமாவுக்கு டொனால்ட் மார்ட்டன் 1992-ல் வெளியிட்டார்.

மாமாவுக்கு வந்த முதல் ரிப்போர்ட்டில் இந்த ஆழமே குறிப்பிடப்படவில்லை. ஆகையால், மெழுகில் பதித்து வைத்திருந்த சதைத்துண்டை வாங்கி வரும்படி பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். 'பிளாக்' என்று சொல்லப்படும் அந்த மெழுகுக் கட்டி நோயாளிக்குரியது, கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கேட்பதற்கு நம்மவர்கள் எவ்வளவு கூச்சப்படுகிறார்கள்! "டாக்டர் கோபித்துக் கொள்ளமாட்டாரா? அவரை நம்பவில்லை என்று நினைக்கமாட்டாரா?" என்று அத்தை இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் கேட்டபோது, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டார்கள். அத்தை அதைக் காலிப் பெருங்காய டப்பாவில் பஞ்சு வைத்து, மடியில் வைத்துக்கொண்டே பிரயாணம் செய்தார்.

மறுபடி படித்ததில் ஆழம் 2.4 மில்லிமீட்டர் என்று தெரிந்தது. முன்பு சீவி எறிந்ததில் எவ்வளவு போயிற்று என்பதை இனி எவரும் சொல்ல முடியாது. சபை கூடி யோசித்தது. காலை எடுக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள். குதிகாலில் புற்றையும் அதைச் சுற்றியுள்ள தோலையும் எடுத்து, வேறு தோலைக் கொண்டு மூடினார்கள். இன்று மாமா இரண்டு கால்களில் நடக்கிறார். சரியான நிபுணரைத் தேடுவதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் வேண்டியதில்லை.

காவற்காரக் கணுவில் மட்டும் சிறிதளவு புற்று இருந்தது. அப்போதுதான் மரபணுப் பரீட்சை என்ற பேச்சு வந்தது. மாமாவின் தமையனார், நாம் பெரிய மாமா என்று அழைப்பவர், அன்று மாலையே வந்து சேர்ந்தார். வீட்டில் ஒரு மகாநாடு நடந்தது.

"வெட்டினார்கள், சரி. மருந்து கொடுக்கட்டும், சரி. குலத்தைப் பரீட்சை செய்வானேன்? சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. 'அந்த வீட்டு இரத்தத்திலேயே புற்று' என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு எவன் வாசலை மிதிப்பான்?" என்றார் பெரிய மாமா.

நேயர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். இதைவிடச் சொற்பமான வதந்திகளால் நின்று போன கல்யாணங்களை நாமும் பார்த்திருக்கிறோம். அத்தை கண்ணைத் துடைத்துக் கொண்டார். "எனக்கு வந்தது என்னோடு போகட்டும்; பரீட்சை வேண்டாம்" என்றார் மாமா. அவர் வேண்டாம் என்று சொன்னது சிகிச்சையையே என்பது அவருக்கே அப்போது தெரியவில்லை.

திருச்சியில் பாங்கு உத்தியோகத்திலிருக்கும் அந்தச் சின்னவள்தான் பேசினாள். "பெரியப்பா, நான் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். 'இந்தப் பரீட்சை அப்பாவையா பார்க்கிறது, அப்பாவுக்கு வந்திருக்கும் கட்டியையா பார்க்கிறது?' என்று கேட்டேன். 'கட்டியை' என்றார்" என்று சொன்னாள்.

மாமா சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, நாற்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்த குரலில் விளக்க ஆரம்பித்தார். "அண்ணா, ஏட்டுச் சுவடியில் பிழை இரண்டு விதம். மூல ஏட்டிலேயே பிழை இருந்தால், அதைப் பார்த்து எழுதிய பிரதிகளுக்கும் அது போகும். மூலம் சுத்தமாயிருந்து, ஒரு பிரதியை எழுதியவன் தூங்கி விழுந்து ஓர் எழுத்தை மாற்றிவிட்டால், அந்தப் பிழை அந்தப் பிரதியோடும் அதன் வழியாக வந்த பிரதிகளோடும் நிற்கும். என் குதிகாலில் இருந்தது தூங்கி விழுந்தவன் எழுதிய ஏடு. இவர்கள் அந்த ஏட்டைத்தான் படித்துப் பார்க்கிறேன் என்கிறார்கள்."

இதைவிடத் தெளிவாக அந்த விஷயத்தை விளக்கிய ஒருவரை நாம் பிற்பாடும் சந்திக்கவில்லை. உடம்பிலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் தாய் தந்தையர் கொடுத்த மூலத்தின் பிரதி. அவற்றில் ஏதோ ஒன்றில் எழுத்துப் பிழை விழுந்து அது பெருகுவதே கட்டி. உள்ளங்காலில் விழுந்த பிழை பிள்ளைகளுக்குப் போவதற்கு வழியே கிடையாது.

அந்தப் பிழையைப் படித்துப் பார்ப்பது எதற்கு என்றால், மருந்து அதைப் பொறுத்தது. 2002-ம் வருஷத்தில் இங்கிலாந்து விஞ்ஞானிகள், மெலனோமாக் கட்டிகளில் பி-ராஃப் என்னும் மரபணு அடிக்கடி பிழைபட்டிருப்பதைக் கண்டார்கள். தோலில் வரும் மெலனோமாக்களில் ஏறக்குறையப் பாதியில் இந்தப் பிழை உண்டு. பெரும்பாலும் ஓர் எழுத்துத்தான் மாறியிருக்கும்; ஆனால் அதனால் 'வளர், வளர்' என்ற கட்டளை நிற்காமல் ஒலித்துக் கொண்டேயிருக்கும். அந்தக் கட்டளையை அடக்கும் முதல் மாத்திரை 2011-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இந்தப் பிழை உள்ளவர்களுக்கு அது கைகண்ட மருந்து. பிழை இல்லாதவர்களுக்கோ அதே மாத்திரை புற்றைத் தூண்டிவிடவும் கூடும்! ஆகவே பரீட்சையில்லாமல் அதைக் கொடுப்பது இருட்டில் அம்பு எய்வதாகும். உள்ளங்கால் மெலனோமாவில் பி-ராஃப் பிழை அவ்வளவு அதிகமில்லை. சிலருக்குக் கிட் என்னும் வேறொரு மரபணுவில் பிழை இருக்கும். அதற்கு வேறு மாத்திரை உண்டு.

எந்தப் பிழையும் இல்லாவிட்டால் கைவிட்டு விடுவார்களோ என்றால், இல்லை. புற்றுநோய் நம் உடம்பின் காவற்படையை மயக்கி வைத்திருக்கிறது. அந்த மயக்கத்தைத் தெளியவைக்கும் மருந்துகள் வந்திருக்கின்றன. இதற்கு அடிப்படையான ஆராய்ச்சி செய்த ஜேம்ஸ் ஆலிஸன், தசுகு ஹோஞ்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல் ஈரலிலும் மூளையிலும் மெலனோமா பரவியிருந்தது. அறுவை, கதிர், இந்தப் புது மருந்து ஆகியவற்றால் குணமடைந்து, 2024 டிசம்பரில் நூறாவது வயதில்தான் காலமானார். 2011-க்கு முன்பு, இந்நோய் பரவியவர்களில் பெரும்பாலோர் ஒரு வருஷம் தாண்டுவதே அரிதாயிருந்தது. இப்படிப்பட்ட இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 43 பேர் பத்து வருஷத்துக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள் என்று 2024-ல் ஓர் ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. உள்ளங்கால் வகையில் பலன் இந்த அளவுக்கு இருப்பதில்லை என்பதையும், சில சமயம் விழித்தெழுந்த காவற்படை சொந்த உடம்பையே தாக்கும் என்பதையும், விலை ஒரு குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பை விழுங்கக்கூடியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பெரிய மாமா பயந்த மூல ஏட்டுப் பிழை வெறும் கற்பனையா? அதுவுமல்ல. 1820-ல் வில்லியம் நாரிஸ் என்ற ஆங்கில வைத்தியர், தம் நோயாளி ஒருவரின் தகப்பனாரும் இதே வியாதியால் இறந்திருப்பதைக் கவனித்து எழுதினார். வம்ச வழியில் வரும் அந்தப் பிழைகளில் முக்கியமான ஒன்று 1994-ல் கண்டறியப்பட்டது. அந்தக் குடும்பங்களில் சிலவற்றில் கணையப் புற்றும் சேர்ந்து வருவதுண்டு. ஆனால் அதற்குரிய பரீட்சை வேறு. அதற்குக் கட்டியைப் பார்ப்பதில்லை. இரத்தத்தையோ உமிழ்நீரையோ பார்க்கிறார்கள். ஒரே வம்சத்தில் பலருக்கு மெலனோமா வந்திருந்தாலும், ஒருவருக்கே பலமுறை வந்திருந்தாலும் அது யோசிக்கத் தக்கது. செய்து கொள்வதற்கு முன், மரபணு ஆலோசனை கூறப் பயின்றவரிடம் பேசி, முடிவு எப்படியிருந்தால் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கட்டியின் பரீட்சையே எப்போதாவது மூலத்தின் மீது சந்தேகத்தைக் கிளப்பலாம். அப்போதும் இரத்தப் பரீட்சை செய்து கொள்வதா என்பது தனியாகக் கேட்டு, தனியாகச் சம்மதிக்க வேண்டிய விஷயம்.

மாமாவின் வம்சத்தில் வேறெவருக்கும் இந்த வியாதி வந்ததில்லை. ஆகையால் அந்தப் பரீட்சை தேவையில்லை என்று நிபுணர் சொல்லிவிட்டார். கட்டியின் பரீட்சையில் பி-ராஃப் பிழையும் இல்லை, கிட் பிழையும் இல்லை என்று வந்தது. "இத்தனை கலவரமும் 'இல்லை' என்ற ஒரு வார்த்தைக்கா?" என்றார் பெரிய மாமா. அந்த ஒரு வார்த்தையினால்தான், பயனற்ற மாத்திரைகளில் பணமும் காலமும் போகாமல், காவற்படையை எழுப்பும் மருந்தை ஒரு வருஷம் கொடுப்பது என்று சபையில் நிச்சயமாயிற்று. மூன்று வருஷம் ஆகிவிட்டது. குறிப்பிட்ட மாதங்களில் போய்ப் பரிசோதித்துக் கொண்டு வருகிறார். இதுவரையில் நல்ல செய்திதான்.

நேயர்கள் உள்ளங்காலில் கண்ட புள்ளிக்கெல்லாம் நடுங்க வேண்டியதில்லை. கருநிறத்தாருக்குக் காலிலும் நகத்திலும் தோன்றும் புள்ளிகளிலும் கோடுகளிலும் பெரும்பாலானவை நிரபராதிகள். மாதம் ஒருமுறை காலைத் திருப்பிப் பார்த்தால் போதும். புதிதாக வந்தது, மாறுகிறது, ஆறமாட்டேன் என்கிறது என்றால் காட்ட வேண்டும். வெட்டினால், வெட்டியதைப் பரீட்சைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கக் கூச்சப்படக் கூடாது. "இந்த வியாதிக்காரர்களை நீங்கள் அதிகம் பார்த்திருக்கிறீர்களா?" என்று வைத்தியரிடம் வணக்கமாகக் கேட்கலாம், நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார். மரபணுப் பரீட்சை என்று சொன்னால், "கட்டியையா, வம்சத்தையா?" என்று மாமாவின் பெண் கேட்ட கேள்வியைக் கேட்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்குச் சென்ற தை மாதத்தில் விவாகம் நடந்தது. நிச்சயத்துக்கு முன்பே மாமா சம்பந்தியிடம் தம் வியாதியைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லி, ஏட்டுச் சுவடிப் பாடத்தையும் நடத்திவிட்டார். பெரிய மாமா மூச்சைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார். சம்பந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மெதுவாகத் தம் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இங்கே ஒரு கறுப்பு இருக்கிறது, ரொம்ப நாளாக யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. அந்த டாக்டர் அம்மாளின் விலாசம் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார்.

பார்த்ததில் அது வெறும் மச்சம்தான் என்று தெரிந்தது.